மூன்றாவது கையெழுத்துக்கு இடமில்லாத தாள்

ஒரே தாளில் இரண்டு எதிரிகளைக் கையெழுத்திட வைத்துவிட்டால் அந்தத் தாள் சட்டத்தைவிட வலியது என்று ஜெயபாலன் நம்பினார். தாம் நம்பியதோடு நில்லாமல் மெலாத்தித் தோட்டத்து முப்பத்தெட்டுக் குடும்பங்களையும் நம்ப வைத்தார். பின்னாளில் அவர் நெஞ்சை அறுத்தது இந்த இரண்டாவது செயல்தான்.

மெலாத்தித் தோட்டம் ரெங்கத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் தொலைவு. ஜெயபாலன் அந்தத் தோட்ட அலுவலகத்தில் முப்பத்தோராண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். ரெங்கம் பட்டணத்தில் சொந்த வீடு கட்டிக் குடிபோன பிறகும் லயத்து மக்கள் அவரைக் ‘கிராணியார்’ என்றே அழைத்தனர். லயத்தில் இப்போது தோட்ட வேலை செய்பவர் எவருமில்லை. செம்பனை வேலைக்கு வெளிநாட்டார் வந்துவிட்டனர். நம்மவர்கள் தொழிற்சாலைக்கும் கடைகளுக்கும் போய்வந்தனர். ஆனால் பிறந்ததும் குடும்பம் நடத்துவதும் அந்தப் பழைய வரிசை வீடுகளில்தான். தோட்டத்தை விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததும் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. ஐந்து ஏக்கர் நிலம். அதில் முப்பத்தெட்டு வீடுகள்.

அதற்குத்தான், யார் வென்றாலும் அந்த நிலத்தைப் பெற்றுத் தர வேண்டும் என்று எழுதி, ஜெயபாலன் அந்தத் தாளைத் தயாரித்தார்.

மாநிலச் சட்டமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. நாட்டை நெடுங்காலம் ஆண்ட பழைய கூட்டணியின் வேட்பாளர் கமலநாதன். அதை வீழ்த்தப் புறப்பட்ட புதிய கூட்டணியின் வேட்பாளர் திருச்செல்வம். ஜெயபாலன் புதிய கூட்டணிக்காரர். அவருடைய காலைநேரக் கோப்பிக்கடைத் தோழர் கிரகோரி, தோட்டத்தில் மின்பணி பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய கூட்டணியின் கிளைச் செயலாளர். இருபதாண்டுகளாக ஒரே மேசை, ஒரே தேநீர், ஒரே சண்டை.

“எங்க கூட்டணியில பதிமூணு கட்சி,” என்று கிரகோரி விரல்களை விரிப்பார். “மலாய்க்காரங்களுக்கு ஒண்ணு, சீனவங்களுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு. எல்லாரும் ஒரே மேசையில ஒக்காந்து பேசி முடிவெடுப்போம். ஒன்னோட ரெண்டு கட்சிக் கணக்குல நம்ம மாதிரி கொஞ்சப் பேருக்கு எங்கய்யா நாற்காலி?”

“நாற்காலி போட்டாங்க. சோறு போட்டாங்களா?” என்பார் ஜெயபாலன். “பதிமூணு பேரும் கதவச் சாத்திக்கிட்டுப் பேசுவீங்க. உள்ள யாரு கேட்டான், யாரு விட்டுக் குடுத்தான்னு வெளிய ஒருத்தனுக்கும் தெரியாது. ரெண்டே அணின்னு வச்சுக்க. ஒருத்தன் தப்பு பண்ணா இன்னொருத்தன் கத்துவான். அவனுக்கு நம்ம மேல பாசம் வேணாம் லா. பதவி மேல ஆசை இருந்தாப் போதும்.”

இதுதான் ஜெயபாலனுடைய கொள்கை. கட்சிகள் பல்கிப் பெருகினால் பொறுப்பும் பலருக்குள் சிதறிப்போகும். எவர் சட்டையைப் பிடிப்பது என்பதே தெரியாது. இரண்டு மட்டும் இருந்தால் வெல்பவன் செய்தாக வேண்டும்; செய்யாவிட்டால் தோற்றவன் அதையே ஆயுதமாக்கி அடுத்த தேர்தலில் அடிப்பான். ஆகவே, வாக்குறுதித் தாளில் வெல்பவனுடைய கையெழுத்தைவிடத் தோற்பவனுடைய கையெழுத்தே முக்கியம் என்பது அவர் கண்ட முடிவு. எல்லாரும் வெற்றி பெறுபவனைத் தேடி ஓடும்போது, தோற்கப்போகிறவனை வைத்துக் கோட்டை கட்டிய மனிதர் அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் இரண்டு வேட்பாளர்களும் ஒரே மேடையில் அமர்ந்தனர். ரெங்கம் வட்டாரத்தில் அதுவரை நடவாத காட்சி அது. தாளின் அடியில் ஜெயபாலன் இரண்டு கோடுகளை அச்சிட்டிருந்தார். கமலநாதன் முதலில் ஒப்பமிட்டார்; திருச்செல்வம் அதை வாசித்துப் பார்த்துவிட்டு ஒப்பமிட்டார். கைத்தட்டல் அடங்குவதற்குள் மண்டப வாசலில் ஒரு சிறிய கார் வந்து நின்றது.

இறங்கியவள் ஷர்மினி. பத்து பாகாட் நகரில் வழக்கறிஞர். முப்பது வயதுகூட ஆகாதவள். இரு கூட்டணிகளிலும் சேராத ஒரு சிறு கட்சியின் சார்பில் அதே தொகுதியில் நின்றாள்.

“அங்கிள், நானும் கேண்டிடேட்தான். நானும் சைன் பண்றேன்.”

“தப்பா நெனைக்காதம்மா,” என்றார் ஜெயபாலன். “இது ஜெயிக்கிறவருக்கும் தோக்கிறவருக்கும் போட்ட தாளு. மூணாவதா வர்றவங்களுக்கு இதுல வேலையில்ல.”

“மூணாவதாதான் வருவேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?”

“நான் பண்ணல. கணக்கு பண்ணுது. நீ வாங்கப்போற ஒவ்வொரு ஓட்டும் எங்க பையிலேருந்து உருவுற ஓட்டு.”

முன்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. மின்னணுத் தொழிற்சாலையில் உற்பத்தி வரிசை மேற்பார்வையாளராக வேலை பார்க்கும் கருப்பாயி அவள். லயத்தில் எந்தச் சிக்கலென்றாலும் முதலில் தட்டப்படுவது அவள் வீட்டுக் கதவுதான்.

“ஒரு கையெழுத்து கூடிட்டா தாளு கனத்துப் போயிருமா கிராணியாரே? அந்தப் புள்ளையும் போடட்டுமே.”

“ஒனக்குப் புரியாது கருப்பாயி. ரெண்டு பேரு இருந்தா ஒருத்தர ஒருத்தர் கண்ணு வச்சுப் பாத்துக்குவாங்க. மூணாவது ஆளு வந்தா பழிய அது மேல போட்டுட்டு ரெண்டு பேரும் ஓடிருவாங்க.”

மேடையில் இருந்த இரண்டு வேட்பாளர்களும் அதற்குச் சிரித்தனர். ஒரே நேரத்தில், ஒரே மாதிரியாகச் சிரித்தனர். ஜெயபாலன் அதைத் தம் வாதத்திற்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டார். ஷர்மினி பேனாவை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள்.

தேர்தலில் பழைய கூட்டணியின் கமலநாதன் வென்றார். திருச்செல்வம் தோற்றார். ஷர்மினிக்கு நானூற்றுப் பன்னிரண்டு வாக்குகள். தாம் சார்ந்த கட்சி தோற்றதில் ஜெயபாலனுக்கு வருத்தம் இருந்தாலும், தம் கொள்கையைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு ஏது?

சோதனையில் கொள்கை வென்றது. மூன்றாம் மாதம் திருச்செல்வம் லயத்துக்கு நிருபர்களை அழைத்து வந்து, தாளை உயர்த்திப் பிடித்து, “வைபி எங்கே? ஐந்து ஏக்கர் எங்கே?” என்று முழங்கினார். சட்டமன்ற உறுப்பினரை ஊரில் ‘வைபி’ என்பார்கள். செய்தி வெளியான பத்தாம் நாள் நில அளவையாளர்கள் வந்து இறங்கினர். கோயிலுக்குப் பின்புறம் சிவப்புச் சாயம் பூசிய முளைக்கட்டைகள் வரிசையாக ஊன்றப்பட்டன. ஜெயபாலன் கிரகோரியைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார்.

“பாத்தியா? எங்காளு கத்துனான், உங்காளு ஓடியாந்தான். இதுதான்யா ரெண்டு கட்சி!”

“ஓடியாந்தது எங்காளுதானே? அத மறந்துறாத லா,” என்றார் கிரகோரி.

கோப்பு நகராமல் நின்றபோதெல்லாம் திருச்செல்வம் கத்தினார். கத்தியபோதெல்லாம் கோப்பு அடுத்த மேசைக்கு நகர்ந்தது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தல் வரும்வரை அந்தப் பொறி அப்படியே சுழன்றது.

நாடாளுமன்றத் தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. சில நாள்கள் நாடே தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தது. அதன் பிறகு, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டோம் என்று சூளுரைத்த இரண்டு கூட்டணிகளும் நாட்டின் நிலைத்தன்மைக்காகக் கைகோத்து ஓர் ஆட்சி அமைத்தன. இரண்டுக்கும் வெளியே இன்னோர் அணியும் இருந்தது. ஆனால் அதற்கு ரெங்கம் வட்டாரத்தில் ஒரு கிளையும் இல்லை, பெயர் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை.

“அலமாக்! இனிமே நம்ம ரெண்டு பேரும் ஒரே பக்கமா?” என்று மறுநாள் காலை கிரகோரி மேசையைத் தட்டிச் சிரித்தார். “காலையில நான் யாருகூடய்யா சண்ட போடுறது? பொண்டாட்டி கூடவா?”

ஜெயபாலனும் சிரித்தார். அதை அவரால் பின்னர் எத்தனை முயன்றும் மறுக்க முடியவில்லை. அன்று அவருக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. அன்று மாலையே லயத்துக்குப் போய்க் கூட்டம் கூட்டி அறிவித்தார்:

“முந்தி ஒரு கையெழுத்து ஆளுங்கட்சி, இன்னொண்ணு எதிர்க்கட்சி. இப்ப ரெண்டுமே ஆளுங்கட்சி. நமக்கு ரெட்டப் பலம்!”

“அப்ப இனிமே கத்துறது யாரு?” என்று கேட்டாள் கருப்பாயி.

“கத்த வேண்டிய தேவையே இருக்காது.”

உண்மையில் எவரும் கத்தவில்லை. நிருபர் சந்திப்புகள் நின்றுபோயின. திருச்செல்வம் ஓர் அரசு வாரியத்தில் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அவர் கழுத்தில் மாலையுடன் சிரிக்கும் படம் நாளிதழில் வந்தது. அடுத்த ஆண்டில் ஒருநாள் காலையில் பார்த்தபோது கோயிலுக்குப் பின்னால் முளைக்கட்டைகள் இல்லை. பிடுங்கியவர் யார் என்று கேட்டதற்கு ஒவ்வோர் அலுவலகமும் இன்னோர் அலுவலகத்தைக் காட்டியது. நான்கு மாதங்கள் கழித்து நிலத்தை வாங்கிய நிறுவனத்தின் வழக்கறிஞரிடமிருந்து முப்பத்தெட்டு வீடுகளுக்கும் கடிதம் வந்தது. தொண்ணூறு நாள்களுக்குள் வெளியேற வேண்டும்.

தாள் இருந்தது. அதைத் தொலைத்தவர் எவருமில்லை. ஜெயபாலன் வீட்டுப் பீரோவில் மூலப்படியும், லயத்தில் ஒவ்வொருவருடைய கைப்பேசியிலும் படமுமாக அது பத்திரமாகவே இருந்தது. இரண்டு கையெழுத்துகளும் அப்படியே இருந்தன. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அச்சுறுத்த ஆள்தான் இல்லை.

பதினொரு முறை தொலைபேசியில் அழைத்த பிறகே திருச்செல்வம் ஜெயபாலனைத் தம் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். குளிரூட்டிய அறை. சுவரில் புதிய படங்கள்.

“தலைவரே, லயத்துக்கு நோட்டீஸ் வந்துருச்சு.”

“தெரியும் அண்ணே. ஒக்காருங்க. தே குடிக்கிறீங்களா?”

“தே வேணாம். முந்தி மாதிரி நிருபருங்கள கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும். கோப்பு நகந்துரும்.”

“யார எதிர்த்து அண்ணே சொல்றது? கமலநாதன் இப்ப நம்மாளு. அவர நான் குத்துனா மேலிடம் என்னைக் குத்தும். கூட்டணின்னா ஒரு ஒழுங்கு இருக்குல்ல?”

“அப்ப நீங்க போட்ட கையெழுத்து?”

“அது எதிர்க்கட்சியா இருந்தப்ப போட்டது. இப்ப நெலம வேற.”

“நெலம மாறலாம் தலைவரே. ஆளு அதே ஆளுதானே?”

திருச்செல்வம் தம் பேனாவை மூடி வைத்தார். குரலில் சினம் இல்லை. சினந்திருந்தால்கூட ஜெயபாலனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“இதெல்லாம் பேசி முடிச்ச விஷயம் அண்ணே. குளுவாங் டவுன் ஃபிளாட்டுல வாடகைக்கு வீடு குடுப்பாங்க. அஞ்சு ஏக்கர இனிமே எந்தப் பக்கமும் கிளப்பறதில்லேன்னு ஒத்துக்கிட்டோம். கிரகோரி வீட்டுலதானே பேசுனோம்? அவரு ஒங்ககிட்ட சொல்லலையா?”

ஜெயபாலன் எழுந்தார். கார் நிறுத்துமிடத்தில் தம் காரை அவரால் உடனே அடையாளம் காண முடியவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல் கிரகோரி இரண்டு தேநீருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். ஜெயபாலன் அமரவில்லை.

“ஒன் வீட்டுக்கு யாரு யாருய்யா வந்தாங்க?”

கிரகோரி கோப்பையைக் கீழே வைத்தார். “யாரு சொன்னது?”

“திருச்செல்வம். எத்தன மாசம் ஆச்சு?”

“கட்டைய புடுங்குறதுக்கு ஒரு வாரம் முந்தி.”

“அப்ப நாலு மாசத்துக்கு மேல! தெனம் இந்த மேசையில எங்கூட தே குடிச்சிருக்க.”

“என்ன சொல்லச் சொல்றய்யா?” கிரகோரியின் குரல் தாழ்ந்தது. “ஆபீஸ்ல பேசுனா ஆளுங்க பாப்பாங்க, ஒங்க வீட்டுல பேசிக்கலாமான்னு வைபி கேட்டாரு. நான் ஹாலத் தொறந்து விட்டேன். என் வீட்டுக்காரி ஜெரால்டின் மீஹூன் பெரட்டி வச்சா. ரெண்டு பேரும் சாப்ட்டுக்கிட்டே முடிச்சிட்டாங்க. பத்து நிமிஷங்கூட ஆகல.”

“நீ வாயத் தொறக்கல.”

“நான் யாரு வாயத் தொறக்க? மேல சொன்னா கீழ கேக்கணும். எங்க பக்கத்துல எப்பவும் அதான் பழக்கம். கதவச் சாத்திக்கிட்டுப் பேசுறவங்கன்னு நீதானே கேலி பண்ணுவ? அன்னிக்கு எந்திரிச்சுப் போயி கதவச் சாத்துனது ஒங்காளுதான்யா.”

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தனர். ஜெயபாலன் தமக்காக வைத்திருந்த தேநீரைத் தொடாமல் வெளியே வந்தார். இருபதாண்டுகளாகக் கிரகோரி எதிரணியில் இருந்தார்; அந்த இருபதாண்டுகளில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. பழைய கூட்டணியில் நடக்கும் உள்ளடி வேலைகளைக்கூட வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். தம் பக்கத்து ஆளாக மாறிய பிறகுதான் கிரகோரி மறைக்கக் கற்றுக்கொண்டார். இதை நினைத்தபோது ஜெயபாலனுக்குக் கண் கலங்கியது. உடனே அப்படிக் கலங்கியதற்காகத் தம்மீதே வெறுப்பும் வந்தது.

அந்த வாரமே சட்டமன்றம் காலத்துக்கு முன்பே கலைக்கப்பட்டது. இரு கூட்டணிகளும் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டன. இந்தத் தொகுதிக்குக் கமலநாதனே பொது வேட்பாளர் என்று அறிவிப்பு வந்தது. ஜெயபாலன் பீரோவிலிருந்து தாளை எடுத்தார். இரண்டு கோடுகளுக்குக் கீழே அடிக்கோல் வைத்து மூன்றாவதாக ஒரு கோடு போட்டார். அதை எடுத்துக்கொண்டு பத்து பாகாட்டுக்குக் காரோட்டிப் போனார்.

துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில் ஷர்மினியின் அலுவலகம் இருந்தது. அவர் சொல்லிமுடிக்கும்வரை அவள் குறுக்கிடவில்லை. அதன்பின் தாளை எடுத்து அந்தப் பேனாக் கோட்டைப் பார்த்தாள்.

“இந்தத் தடவ நான் நிக்கல அங்கிள்.”

“ஏன்மா?”

“போன மாசம் எங்க கட்சியும் அவங்களோட சேந்துருச்சு. தலைவருக்கு ஒரு துணைப் பதவி. பொது வேட்பாளருக்கு வேலை செய்யுங்கன்னு எனக்கு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ். அவ்வளவுதான். ஒரு போன்கூட இல்ல.” அவள் சிரிக்க முயன்றாள். “நீங்க ரெண்டு கட்சி போதும்னு சொன்னீங்க. நான் அப்டி நெனைக்கல. நெறைய கட்சி இருந்தா, எல்லாரும் விலை போனாலும் ஒருத்தராவது வெளிய நிப்பாங்கன்னு நெனச்சேன். உள்ள எல்லாருக்கும் எடம் இருந்துச்சு அங்கிள்.”

“அன்னிக்கு நான் ஒன்னையும் சைன் பண்ண விட்டிருக்கணும்மா.”

“விட்டிருந்தா இன்னிக்கு அதுல மூணு கையெழுத்து இருக்கும். மூணும் ஒரே பக்கத்துல.”

கீழே கடையில் யாரோ துணி கிழிக்கும் ஓசை மாடிக்குக் கேட்டது. ஜெயபாலன் தாளை மடித்தார்.

“அப்ப வெளிய இருக்கறது யாருதாம்மா?”

“நீங்களே சொல்லுங்க,” என்றாள் ஷர்மினி. “அந்த முப்பத்தெட்டு வீட்டத் தவிர வேற யாரு இருக்கா? அங்கேருந்து யாராவது நின்னா ஃபாரம் நான் எழுதித் தர்றேன். கட்சி என்னைத் தூக்கினா தூக்கட்டும்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் லயத்து மக்களின் முன் நின்று ஜெயபாலன் எல்லாவற்றையும் சொன்னார். கிரகோரி வீட்டில் நடந்ததைச் சொன்னார்; திருச்செல்வம் சொன்னதைச் சொன்னார்; ஷர்மினியைத் தாம் திருப்பியனுப்பியதையும் விடாமல் சொன்னார். எல்லாரும் ஏசுவார்கள் என்று எதிர்பார்த்தார். எவரும் ஏசவில்லை. கடைசியில் மலர் என்ற இளம்பெண், இடுப்பில் குழந்தையுடன் எழுந்து கேட்டாள்.

“ரெட்டப் பலம்னு சொன்னீங்களே. அத நம்பித்தான் என் வீட்டுக்காரரு குளுவாங்ல விலைக்கு வந்த வீட்ட வேணாம்னு சொன்னாரு. அப்பவே போயிருந்தா சொந்தமா வாங்கியிருக்கலாம். இப்ப வாடகைக்குப் போகச் சொல்றாங்க. இதுக்கு யாரு கிராணியாரே பதிலு?”

கருப்பாயி எழுந்தாள்.

“கத்துறதுக்கு ஆளில்லேன்னா நாமளே கத்துவோம். நான் நிக்கறேன். ஜெயிக்கப்போறதில்ல, அது எனக்கும் தெரியும். ஆனா அந்த ரெண்டு பேரும் பிரசாரத்துக்குப் போற எடமெல்லாம் நானும் போயி அந்தத் தாளப் படிப்பேன். நான் வெளிய இருக்கறவரைக்கும் அத அவங்க மடிச்சு வைக்க முடியாது.”

ஜெயபாலன் மெய்சிலிர்த்துப்போனார். இருபதாண்டுகளாகக் கோப்பிக்கடையில் தாம் விளக்கிய கொள்கையை ஒருத்தி ஒரே மூச்சில் செயலாக்கிவிட்டாள். வேட்புமனுவில் முன்மொழிபவராகத் தாமே கையெழுத்திடுவது என்று அன்றே உறுதிசெய்துகொண்டார். அவ்வாறு கையெழுத்திட்டால் கட்சி அவரை நீக்கிவிடும். நீக்கட்டும்.

வேட்புமனுத் தாக்கல் நாளன்று காலை எட்டு மணிக்கே மனு வாங்கும் நகர மண்டபத்தின் வாயிலுக்குப் போய்விட்டார். சாலையோரம் காவல்துறையினர் ஆதரவாளர்களுக்காக இரும்புத் தடுப்புவேலி அமைத்திருந்தனர். கட்சிக்கு ஒன்றாக எப்போதும் இரண்டோ மூன்றோ இருக்கும். அன்று ஒன்றே ஒன்று. இரு கூட்டணிகளின் கொடிகளும் அதற்குள் ஒன்றாய் அசைந்தன. ‘போட்டியின்றி வெற்றி’ என்று அச்சடித்த பதாகை ஒன்று பாதி விரிந்த நிலையில் இருவர் கையில் இருந்தது.

வாயிலில் இன்னொருவரும் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கிரகோரி.

“நீயும் இதுக்குத்தானா?” என்றார் கிரகோரி. மூன்று வாரங்களாக இருவரும் பேசிக்கொள்ளவில்லை. “ஒருத்தரு முன்மொழியணும், ஒருத்தரு வழிமொழியணுமாம். நீ ஒண்ணு, நான் ஒண்ணு. சரியாப் போச்சு.”

ஜெயபாலன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எட்டரை மணிக்கு ஒரு வாடகை வேனில் கருப்பாயியும் லயத்து மக்களும் வந்து இறங்கினர். ஷர்மினி கோப்புகளுடன் முன்னே நடந்தாள். இரண்டு பெரியவர்களும் ஒரே நேரத்தில் அட்டையை நீட்டினர்.

கருப்பாயி நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. வேலைக்கு நேரமாகிவிட்டவளைப்போல் பேசினாள்.

“வேணாங்க. முன்மொழிய மலரு இருக்கா. வழிமொழிய எங்க பக்கத்து வீட்டு சுகுமாறன் இருக்கான்.”

“கருப்பாயி, என் பேரு இருந்தா மனுவுக்கு ஒரு கனம் இருக்கும்,” என்றார் ஜெயபாலன். “நான் கட்சிய விட்டே வர்றேன்.”

“நீங்க விட்டுட்டு வர்றதுக்குக் கட்சி இருக்கு. அவரு விட்டுட்டு வர்றதுக்கும் ஒண்ணு இருக்கு. எங்களுக்கு அப்டி ஒண்ணுமில்ல கிராணியாரே. வீடு மட்டுந்தான் இருக்கு. இல்லாதவங்க பேரே இருக்கட்டும்.”

அவர்கள் உள்ளே போனார்கள். இரண்டு பேரும் வாயிலில் நின்றனர்.

பத்து மணி அடித்துச் சற்று நேரம் கழித்துத் தேர்தல் அதிகாரி ஒலிபெருக்கியில் பெயர்களை வாசித்தார். முதலில் கமலநாதன். கூட்டம் ஆரவாரித்தது. இரண்டாவதாக, சுயேச்சை வேட்பாளர், கருப்பாயி. ஆரவாரம் நடுவழியில் நின்றது. பதாகை பிடித்திருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு அதைச் சுருட்டத் தொடங்கினர். காவலர் இருவர் ஓடிப்போய் லாரியிலிருந்து இன்னொரு தடுப்புவேலியை இழுத்து வந்தனர். தார்ச்சாலையில் இரும்பு உராய்ந்து கிறீச்சிட்டது.

ஜெயபாலனுடைய கைப்பேசி ஒலித்தது. திருச்செல்வம். முப்பதடி தூரத்தில், வேலிக்குள், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

“அண்ணே, அந்த அம்மாகிட்ட கொஞ்சம் சொல்லுங்க. அஞ்சு இல்லேன்னாலும் ஒரு மூணு ஏக்கர் பேசிப் பாக்கலாம். பிரசாரத்துல அந்தத் தாள மட்டும் தூக்க வேணாம்.”

பதினொரு முறை அழைத்த பிறகே பேசிய குரல். ஓர் எதிரி முளைத்த பத்தாம் நிமிடத்தில் அழைக்கிறது. ஜெயபாலன் கைப்பேசியை நீட்டியபடி, மண்டபத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த கருப்பாயியிடம் விரைந்தார்.

“மூணு ஏக்கர்ங்கிறாரு!”

லயத்து மக்களிடையே சிரிப்பு எழுந்தது. “இன்னும் பதினஞ்சு நிமிஷம் நின்னா நாலு ஆயிரும் போல,” என்றான் சுகுமாறன்.

கருப்பாயி கைப்பேசியை வாங்கவில்லை. “அஞ்சுன்னு எழுதுன தாளு அவருகிட்டயும் இருக்கு. பேசணும்னா லயத்துக்கு வந்து எல்லாரு முன்னாலயும் பேசட்டும். அவருக்கும் எங்களுக்கும் நடுவுல நீங்க நிக்க வேணாம் கிராணியாரே. நின்னது போதும்.”

அவர்கள் புதிய வேலிக்குள் போய் நின்றனர். மலரின் குழந்தை அழுதது. யாரோ தண்ணீர்ப் புட்டியை நீட்டினர். ஜெயபாலனை எவரும் உள்ளே அழைக்கவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

“அங்கிள், பார்ட்டி மானா?” என்று ஓர் இளம் காவலர் வந்து மலாய் மொழியில் கேட்டார். எந்தக் கட்சி என்று சொன்னால் அந்தந்த வேலிக்குள் நிறுத்துவது அவர் வேலை. நடுச்சாலையில் எவரும் நிற்கக்கூடாது.

இடப்பக்கம், இருபதாண்டுகள் அவர் கொடி பிடித்த கூட்டம். வலப்பக்கம், அவரை நம்பிய கூட்டம். சற்றுத் தள்ளிக் கிரகோரியிடமும் இன்னொரு காவலர் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்; அவருடைய சட்டைப்பையிலும் கைப்பேசி ஒலித்துக்கொண்டிருந்தது.

“அண்ணே? லைன்ல இருக்கீங்களா?” என்றது திருச்செல்வத்தின் குரல்.

“நீங்க ரெண்டு பேரும் கிரகோரி வீட்டுல என்ன பேசுனீங்களோ, அத இனிமே ரோட்டுல நின்னு பேசுங்க தலைவரே,” என்று சொல்லிவிட்டு ஜெயபாலன் அழைப்பைத் துண்டித்தார். பிறகு காவலரைப் பார்த்து, எந்தக் கட்சியும் இல்லை என்று தலையசைத்தார்.

காவலர் சாலையின் மறுகரையைக் கைகாட்டினார். அங்கே நிழலும் இல்லை, வேலியும் இல்லை. ஜெயபாலன் நடந்தார். பின்னால் காலடி ஓசை கேட்டது. கிரகோரியாகத்தான் இருக்கும். ஜெயபாலன் திரும்பிப் பார்க்கவில்லை.